மற்ற நால்வரும் ஏமாற்றமளித்தார்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை இதழில் பெண்கள் கிரிட்டீரியம் சைக்கிள் பந்தயம் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், வண்ணப் படம் வேறு. வழக்கமாக எங்களுக்குக் கிடைப்பது கிரிக்கெட் ஸ்கோருக்குக் கீழே நாலு வரிதான், அதனால் முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்: "வெற்றி பெற்றவரின் அணியைச் சேர்ந்த மற்ற நால்வரும் முதல் இருபது இடங்களுக்குள் வராமல் ஏமாற்றமளித்தனர்."

அந்த நால்வரில் நான் ஒருத்தி. இருபத்திரண்டாவதாக வந்தவள்.

கோபம் எதுவும் இல்லை. அந்த வரியை யாரோ படம் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட, அன்று முழுக்கச் சிரிப்புதான். இப்போது பயிற்சிக்குக் கூப்பிடுவதே "ஏமாற்றம் நம்பர் மூணு, கிளம்பிட்டியா?" என்றுதான். ஆனால் என் மாமியார் செய்தியைப் படித்துவிட்டு, "பரவாயில்லைம்மா, நீயும் ஒருநாள் நல்லா ஓட்டுவ" என்று ஆறுதல் சொன்னார். அவர் உங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படிப்பவர். அதில் வந்ததென்றால் அவருக்கு அதுதான் உண்மை. சரி, எழுதிவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

போட்டியின் அமைப்பை உங்கள் செய்தியாளர் சரியாகவே சொல்லியிருந்தார். போக்குவரத்தை நிறுத்திவிட்டு நாலைந்து தெருக்களை இணைத்து ஒரு சின்னச் சுற்று. அன்றைக்கு 1.2 கிலோமீட்டர், ஆறு திருப்பங்கள். 45 நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் இன்னும் 3 சுற்று. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். முதலில் கோட்டைக் கடப்பவர் வெற்றியாளர். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதையும் போட்டிருந்தார். அவர் எழுதாமல் விட்டது காற்றை. காற்றை விட்டுவிட்டால், ஐந்து பேர் ஒரே நிற ஜெர்சி போட்டுக்கொண்டு ஏன் ஓட்டுகிறோம் என்பதே புரியாது.

அந்த வேகத்தில் நாங்கள் செலவழிக்கும் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். 40-ஐ 48 ஆக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறுவதால், அது 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். முன்னால் போகிறவளின் பின்சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிப் போனால், அவள் கிழித்துவிட்ட காற்றில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு வரை மிச்சமாகும். பெரிய கூட்டத்துக்குள் இருந்தால் இன்னும் அதிகம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத்தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவருக்கு என்று தெரிந்தது.

அப்படியானால் எல்லாரும் பின்னாலேயே உட்கார்ந்து சொகுசாக வரலாமே என்று தோன்றும். நேர்ச்சாலையில் வரலாம். கிரிட்டீரியத்தில் திருப்பங்கள் விடாது. முதலில் போகிறவள் திருப்பத்தில் வேகத்தை லேசாகத்தான் குறைக்கிறாள். அவளுக்குப் பின்னால் வருகிறவள் இன்னும் கொஞ்சம், அடுத்தவள் இன்னும் கொஞ்சம் என்று பிரேக் பிடித்துக்கொண்டே வர, நாற்பதாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட நிற்கிற நிலை. அதற்குள் முன்னால் இருப்பவர்கள் முழு வேகத்துக்குப் போயிருப்பார்கள். வால்பகுதியில் இருப்பவர்கள் பெடலில் எழுந்து நின்று மிதித்து அவர்களைப் பிடிக்க வேண்டும். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த திருப்பம். சுற்றுக்கு ஆறு என்றால், பந்தயம் முடிவதற்குள் நூற்றைம்பது தடவைக்கு மேல் இது நடக்கும். அதனால்தான் அறுபது பேரும் முதல் பத்து இடத்துக்கு அடித்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் ஒருத்தியைக் கடைசிவரை களைக்காமல் வைத்திருப்பதுதான் அணியின் வேலை. அன்றைக்கு அந்த ஒருத்தி எங்கள் ஸ்பிரிண்டர், அதாவது கோட்டுக்கு முந்தின கடைசிப் பாய்ச்சலில் எங்களில் வேகமானவர். உங்கள் செய்தியில் 'தனி ஒருவராகப் பறந்தவர்'. பறந்தது உண்மைதான். எதிலிருந்து பறந்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களில் இளையவள் இன்னும் கல்லூரியில் படிக்கிறாள். நாலாவது சுற்றிலேயே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு முன்னால் போனாள், வேறு அணிகளைச் சேர்ந்த இருவர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். "அனுபவக் குறைவால் அவசரப்பட்டு முன்னேறி, பின்னர் களைத்துப் பின்தங்கினார்" என்று எழுதியிருந்தீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை, முந்தின நாளே பேசிவைத்தது. எங்கள் ஆள் முன்னால் இருக்கும்வரை நாங்கள் துரத்தத் தேவையில்லை. அந்தப் பிரேக்கில் (கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் போகும் சிறு குழுவை அப்படித்தான் சொல்வோம்) ஆள் இல்லாத அணிதான் துரத்த வேண்டும். அன்று களத்திலேயே பலமான அணிக்கு அதில் ஆள் இல்லை. ஒன்பது சுற்றுக்கு அவர்களின் இரண்டு நல்ல வீராங்கனைகள் கூட்டத்தின் தலையில் நின்று மாறிமாறிக் காற்றைக் குடித்தார்கள், நாங்கள் நால்வரும் அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்த்தபடி வந்தோம். கடைசியில் முன்னால் போன மூவரையும் அவர்கள் பிடித்துவிட்டார்கள், உண்மை. ஆனால் அந்த இருவரின் கால்களும் அங்கேயே தீர்ந்துபோயின. இடையில் மணி அடித்து அறிவிக்கும் பரிசுச் சுற்றையும் (நாங்கள் பிரீம் என்போம்) அந்தப் பொடிசு அள்ளிக்கொண்டு வந்தது தனிக் கணக்கு.

அவள் பிடிபட்ட அதே நொடியில் இன்னும் நாலு பேர் தாவினார்கள், எங்கள் அக்கா அவர்களோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எங்கள் கேப்டன். அந்தச் சின்னக் கூட்டத்தின் கடைசி ஆளாகவே வந்தார், ஒரு தடவைகூட முன்னால் போய் இழுக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள், "மஞ்சள் ஜெர்சி, நீயும் இழு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. முன்னால் ஓட்டியவர்கள் திரும்பித் திரும்பித் திட்டினார்கள். அக்கா அசைந்தே கொடுக்கவில்லை. அவர் ஏன் இழுக்க வேண்டும்? எங்கள் ஸ்பிரிண்டர் பின்னால் இருக்கிறார். அந்தப் பிரேக் ஜெயித்தால் நஷ்டம் எங்களுக்குத்தான். உழைக்காத ஒருத்தி கடைசியில் புத்துணர்ச்சியோடு முந்திவிடுவாள் என்று தெரிந்தால் மற்றவர்களும் மனசுவிட்டு உழைக்க மாட்டார்கள். யாரும் துரத்தாமலே ஏழெட்டு நிமிடத்தில் அது கலைந்தது. வசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினமான வேலை, எனக்கு அது வராது.

மூன்றாமவர் விஷயத்தில்தான் உங்கள் செய்தி கொஞ்சம் வலிக்கவே செய்தது. "ஒரு சுற்றைத் தவிர்த்துவிட்டு மீண்டும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்" என்று இருந்தது. ஏதோ குறுக்குவழியில் வந்தது போன்ற தொனி. அவருடைய அலுவலகத்தில் இரண்டு பேர் இதைக் கேட்டே விட்டார்களாம். நடந்தது பஞ்சர். பத்தொன்பதாவது சுற்றில் பின்டயரில் காற்று இறங்கியது. கிரிட்டீரியத்தில் பஞ்சரோ விழுதலோ சைக்கிள் கோளாறோ ஏற்பட்டால் பிட் பகுதிக்குப் போகலாம், அங்கே சக்கரத்தை மாற்றிக்கொண்டு, நடுவர் பார்த்துச் சம்மதித்தபின், தான் இருந்த அதே கூட்டம் அடுத்த சுற்றில் வரும்போது அதன் வாலில் சேரலாம். விதிப்புத்தகத்தில் உள்ள ஏற்பாடு இது. கடைசிச் சில சுற்றுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சேர்ந்த இடம் வால் என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து அறுபது பேரைத் தாண்டி முன்னால் வர அவர் பட்ட பாட்டை யாராவது படம் எடுத்திருந்தால் அதைத்தான் நீங்கள் பெரிதாகப் போட்டிருப்பீர்கள். இந்த ஒரு வரிக்காவது திருத்தம் வெளியிடுங்கள், ஐயா. அவர் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

இனி என் பங்கு.

நான் லீட்-அவுட். ஸ்பிரிண்டருக்கு முன்னால் கடைசி ஆளாகப் போய், அவரை முழு வேகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்குகிறவள். அந்தச் சுற்றில் கடைசித் திருப்பத்திலிருந்து முடிவுக்கோடு வெறும் 180 மீட்டர். அவ்வளவு குறைந்த தூரத்தில் பின்னாலிருந்து வந்து முந்துவது ரொம்பக் கஷ்டம். அந்தத் திருப்பத்தை விட்டு முதலில் வெளியே வரும் இரண்டு மூன்று பேருக்குள்தான் போட்டி. பார்வையாளர்கள் கூடியிருந்தது கோட்டருகே, பந்தயம் முடிந்தது அதற்கு முந்தின முக்கில்.

இரண்டு சுற்று இருக்கும்போது பஞ்சர்காரர் தலைக்கு வந்து இழுக்கத் தொடங்கினார். மணி அடித்ததும் அக்கா. நான் அக்காவின் சக்கரத்தில், ஸ்பிரிண்டர் என் சக்கரத்தில். பின்னால் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது என்பதால் எங்களுக்குள் இரண்டே சொல்: 'இரு' என்றால் இடைவெளி விழுந்துவிட்டது, 'போ' என்றால் ஒட்டிக்கொண்டாயிற்று. மூன்றாவது திருப்பத்தில் ஒரு மேன்ஹோல் மூடி உண்டு. சரியாக எல்லாரும் சாய வேண்டிய இடத்தில். அதற்கு உள்பக்கமாகப் போனால் பாதை குறுகும், வெளிப்பக்கம் போனால் அகலும். அக்கா சுற்றுக்குச் சுற்று உள்பக்கமாகவே போய்ப் பழக்கிவைத்திருந்தார், ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரும் அளவுக்கு. உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் முழுக்கக் கீழே, உடம்பின் பாரமெல்லாம் அந்தக் காலில், கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில், பார்வை திருப்பம் முடிகிற இடத்தில். மூடியைப் பார்த்தால் மூடிக்கே போய்விடுவோம்.

நாலாவது திருப்பம் தாண்டியதும் அக்கா முழங்கையை அசைத்து விலகினார். காற்று முகத்தில் அறைந்தது. சட்டென்று இடப்பக்கம் எதிரணியின் வரிசை ஏறி வந்தது, மூன்று பேர். அவர்களின் நல்ல கால்கள் இரண்டும் பொடிசைத் துரத்தியதில் தீர்ந்துவிட்டதால் தலையில் இருந்தவள் என் தோள் வரைதான் வர முடிந்தது. ஐந்தாவது திருப்பத்துக்குள் நான் அரைச் சக்கரம் முன்னால் நுழைந்துவிட்டேன். பின்னாலிருந்து 'போ' என்று குரல். கடைசித் திருப்பத்தில் நான் பிரேக்கைத் தொடவே இல்லை, வேகம் 50-ஐத் தாண்டியிருந்தது. அந்த வேகத்தில் என்னை உள்பக்கம் வெட்டுவதற்கு இடமும் இல்லை, வெளிப்பக்கம் சுற்றி வருவதற்குத் தெம்பும் யாருக்கும் இல்லை. சாய்விலிருந்து நிமிரும்போதே ஸ்பிரிண்டர் என் வலப்பக்கம் உருவிப் போனார்.

என் வேலை அங்கே முடியவில்லை. தீர்ந்துபோன காலோடு நடுச்சாலையில் இருக்கிறேன், பின்னாலிருந்து முழு மூச்சில் கூட்டம் வருகிறது. அந்த நேரத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலகக் கூடாது. போட்ட கோட்டிலேயே நேராக, கைகளைக் கெட்டியாகப் பிடித்தபடி போக வேண்டும். இரண்டு பக்கமும் உரசாத குறையாக ஆட்கள் என்னைக் கடந்தார்கள். நீங்கள் போட்ட படத்தில் வெற்றியாளர் கைகளைத் தூக்கியிருக்கிறார். இடது ஓரத்தில், மங்கலாக, தலையைத் தொங்கப்போட்டபடி ஒருத்தி தெரிகிறாளே, அது நான்தான். உங்கள் கணக்கில் அவள் ஏமாற்றமளித்துக்கொண்டிருக்கிறாள்.

இது எங்கள் அணி கண்டுபிடித்த வித்தை ஒன்றுமில்லை. பல நாள் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 2009-இன் கடைசி நாள், பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் மார்க் கேவண்டிஷ் ஜெயித்தபோது, அவருக்கு லீட்-அவுட் செய்த மார்க் ரென்ஷா இரண்டாவதாகவே கோட்டைத் தாண்டினார். கடைசித் திருப்பத்தை அவர்கள் இருவரும் எடுத்த வேகத்தில் பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவு இடைவெளி விழுந்துவிட்டது. எனக்கு அந்த வசதி அமையவில்லை, இருபது பேர் தாண்டிவிட்டார்கள். வேலை அதே வேலைதான்.

ஒரு பழைய கதையும் சொல்லத் தோன்றுகிறது, பத்திரிகை சம்பந்தப்பட்டது என்பதால். சைக்கிள் பந்தயத்தை வளர்த்ததில் நாளிதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1903-இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியது லோட்டோ என்ற பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ், 1909-இல் ஜிரோ டி இத்தாலியாவைத் தொடங்கியது இளஞ்சிவப்புத் தாளில் அச்சான லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட். அந்த லோட்டோவின் ஆசிரியர் ஆன்ரி டெகிராஞ்சுக்கு, ஒருவர் இன்னொருவருக்காக ஓட்டுவது என்றாலே ஆகாது. 1911 டூரில் மோரிஸ் ப்ரோக்கோ என்பவர் வேறொருவருக்கு உதவி ஓட்டினார் என்பதற்காக, வெறும் வேலைக்காரன் என்று அவரை இழித்து எழுதினார். ப்ரோக்கோ அடுத்த கட்டத்தைத் தானே ஜெயித்துக் காட்டினார். அதற்கும் கைதட்டாமல் அவரைப் போட்டியிலிருந்தே நீக்கினார் ஆசிரியர். உங்கள் செய்தியாளர் அவ்வளவு கடுமையானவர் இல்லை, தெரியும்.

மாறாக, பிரிட்டனில் 2009-இல் தொடங்கிய டூர் சீரிஸ் என்ற நகர மையக் கிரிட்டீரியத் தொடரில் அணிக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு அணியிலும் முதலில் வந்த மூவரின் இடங்களைக் கூட்டி அணியின் வெற்றியைத் தீர்மானித்தார்கள். எல்லாப் போட்டியும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு எங்கள் முறைதான் பிடித்திருக்கிறது. மூவர் இடத்தைக் கூட்டினால் நானும் கடைசி 180 மீட்டருக்குக் காலைச் சேமித்துவைக்க வேண்டியிருக்கும், அது வேறு விளையாட்டு.

உங்கள் செய்தியைப் படித்த நண்பர் ஒருவர், "மத்தவங்க விட்டுக்கொடுத்துட்டீங்களா? முன்னாடியே பேசி வெச்சதுதானே இதெல்லாம்?" என்று கேட்டார். டூர் டி பிரான்ஸ் முடிந்த கையோடு பெல்ஜியத்தில் ஆல்ஸ்டிலும் நெதர்லாந்தில் பாக்ஸ்மீரிலும் நடக்கும் கிரிட்டீரியங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் போல. அங்கே டூர் நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்து அழைத்து வருவார்கள், கூட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர் ஜெயிப்பார். அது திருவிழா மாதிரி, வருகிறவர்களுக்கும் அது தெரியும். எங்கள் பந்தயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்தது எங்கள் ஆளுக்கு மட்டும்தான். மற்ற அணிகள் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டின. பரிசுப் பணத்தை ஐவரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம், பிரீம் பணம் உட்பட. பொடிசு அதற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தாள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முடிவுப் பட்டியலில் வீராங்கனையின் பெயருக்குப் பக்கத்தில் அணியின் பெயரையும் அச்சிடுங்கள். ஒரு வரிதான் இடம் பிடிக்கும். உங்கள் செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் கோட்டருகே மட்டும் நிற்கவிடாமல், பாதிப் பந்தயத்துக்குக் கடைசித் திருப்பத்தில் நிற்கச் சொல்லுங்கள். யார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறார்கள், எந்த அணி இழுக்கிறது, எது ஒளிந்துகொள்கிறது என்பதெல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும். முடிந்த பிறகு, வென்றவரிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பதோடு, கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் போனது யார் என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர்களே மணிக்கணக்காகச் சொல்வார்கள், நிறுத்துவதுதான் சிரமம்.

இன்னொரு விஷயம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அடுத்த பந்தயத்தின் சுற்றில் ஒரு மேடு இருக்கிறது, கடைசித் திருப்பத்திலிருந்து கோட்டுக்குத் தூரமும் அதிகம். அது பொடிசுக்கு ஏற்ற பாதை. அவளைத்தான் ஜெயிக்கவைக்கப் போகிறோம். இந்தத் தடவை வென்ற ஸ்பிரிண்டர் அன்றைக்குப் பாதிப் பந்தயம் வரை அவளுக்காகக் காற்றை இழுத்துவிட்டு, அநேகமாகக் கூட்டத்தின் வாலில்தான் வந்து சேருவார். தயவுசெய்து "நடப்பு நட்சத்திரம் சறுக்கினார்" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். என் மாமியார் அவருக்கும் ஃபோன் போட்டு ஆறுதல் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இருபத்திரண்டாம் இடத்தில் வந்த லீட்-அவுட் வீராங்கனை